எட்டு மாதமாக மாத்திரை, இன்னும் நிற்காத முகப்பரு

கொங்குப் பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் 24 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

கன்னத்திலும் தாடை ஓரத்திலும் சீழ் வைத்த பருக்கள் வந்ததால் அவர் தோல் மருத்துவரிடம் சென்றிருக்கிறார். தினம் ஒன்றாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. மாத்திரையும் இரவில் பூச ஒரு ஜெல்லும் எழுதிக் கொடுத்த மருத்துவர், ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஜெல்லைப் பூசிய நான்காம் நாளே தோல் உரிந்து எரிச்சல் எடுத்ததால் அதை விட்டுவிட்டார். வேலை நெருக்கடியில் மருத்துவரிடமும் திரும்பப் போகவில்லை. அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இன்னும் ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்க, முகம் தெளிந்திருக்கிறது. நிறுத்திய மூன்றாம் வாரம் பரு திரும்பியிருக்கிறது. மறுபடியும் அதே சீட்டு, அதே கடை. நடுவில் ஒருமுறை இருப்பு இல்லை என்று கடைக்காரர் அஸித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கைக் கொடுத்திருக்கிறார். விட்டு விட்டு எட்டு மாதம் ஓடி, இப்போது நடப்பது மூன்றாவது சுற்று. முதல் தடவை கேட்ட அளவுக்கு மாத்திரை இப்போது கேட்பதில்லை. இரண்டு மாதமாக நெற்றி முழுவதும் அரிப்புடன் சிறு பொரிகள் வேறு. சில நாட்களாக எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் வலிக்கிறது. மாதவிலக்கு 45, 50 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஹீமோகுளோபின் 9 என்பதால் இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். வயிற்றைப் புரட்டாமல் இருக்க இரண்டு மாத்திரைகளையும் படுக்கப் போகும்போது பாலுடன் விழுங்குவது வழக்கம். தை மாதத்தில் திருமணம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. “ரத்தத்தில் இருக்கும் அழுக்கு முழுவதும் போகும்படி இதைவிட வீரியமான ஆன்டிபயாடிக் இருக்கிறதா, கல்யாணம் வரை தொடரலாமா, பின்னால் பிறக்கும் குழந்தையைப் பாதிக்குமா?” என்று கேட்கிறார். கடைசி வரியில், கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்ற முன்குறிப்போடு, வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை அதிகம் வாட்டும் கேள்வி குழந்தையைப் பற்றியதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இதுவரை சாப்பிட்ட டாக்ஸிசைக்ளின், வருங்காலத்தில் நீங்கள் பெறப்போகும் குழந்தையைப் பாதிக்காது. நிறுத்திய சில நாட்களிலேயே அது உடலிலிருந்து வெளியேறிவிடும்; கருப்பையிலோ சினைமுட்டையிலோ தங்குவதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது அதைச் சாப்பிடுவது வேறு விஷயம். கருவில் வளரும் குழந்தையின் பற்களிலும் எலும்பிலும் இந்த வகை மருந்து படியக்கூடும். பால் பற்களில் நிலையான பழுப்பு நிறம் ஏற்படலாம். ஆகவே திருமணத்துக்குப் பின் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடும் எண்ணம் இல்லையென்றால், அதற்கு முன்பே இந்த மாத்திரை நின்றிருக்க வேண்டும். உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருப்பதுபோல முகூர்த்த நாள் வரை விழுங்கிக்கொண்டே இருப்பதை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணங்கள் இருக்கின்றன.

மாத்திரை செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

பரு ரத்தத்து அழுக்கினால் வருவதில்லை. உடல் சூடு, மலச்சிக்கல், முகத்தைச் சரியாகக் கழுவாதது என்று நம் வீடுகளில் சொல்லப்படும் எதுவும் அதன் மூலகாரணம் அல்ல. முடிக்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. ஹார்மோன் தூண்டுதலால் அது கூடுதலாக எண்ணெய் சுரக்கும்போது, அந்த நுண்துளையின் உள்தோல் செல்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் இந்த அடைப்புகள்தான். அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அதை எதிர்த்து உடல் வீக்கத்தை உண்டாக்கும்போதுதான் சிவந்த, சீழ் வைத்த பரு தோன்றுகிறது. அந்தப் பாக்டீரியா வெளியிலிருந்து தொற்றிய கிருமி அல்ல. பருவே வராதவர்களின் தோலிலும் வாழ்வது.

டாக்ஸிசைக்ளின் இந்தச் சங்கிலியின் கடைசி இரண்டு கண்ணிகளில் மட்டுமே வேலை செய்கிறது: பாக்டீரியாவைக் குறைக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. சொல்லப்போனால் பருவில் அது கொடுக்கும் பலனில் பெரும்பங்கு வீக்கத்தைத் தணிப்பதால் கிடைப்பது. எண்ணெய்ச் சுரப்பை அது குறைப்பதில்லை, அடைப்பைத் திறப்பதில்லை. மாத்திரை சாப்பிட்ட இரண்டு மாதமும் உங்கள் தோலுக்குள் புதிய அடைப்புகள் உருவாகிக்கொண்டேதான் இருந்தன. மாத்திரை நின்றதும் அவை பருவாக வெளியே வந்தன. பரு திரும்பி வந்ததற்கு மருந்தின் வீரியக் குறைவு காரணமல்ல. அடைப்பைத் திறக்கும் மருந்தை, அதாவது நான்காம் நாள் நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த ஜெல்லை, யாரும் திரும்ப உங்கள் கையில் கொடுக்காததே காரணம். உங்கள் சிகிச்சையில் ஜெல்தான் பிரதான மருந்து. மாத்திரை, அந்த ஜெல் வேலை செய்யத் தொடங்கும் வரை தாங்கிப் பிடிக்கும் துணை. துணையை மட்டும் எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதில் உங்கள் மேல் மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் மாதம் தோல் உரியும், எரியும், அது கெடுதல் அல்ல, இப்படிச் சமாளியுங்கள் என்று சீட்டு எழுதும்போதே இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவுகளில் அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் பறிபோகிறது.

எட்டு மாதம் ஏன் அதிகம்

பருவுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறான மருத்துவம் அல்ல. மிதமானது முதல் கடுமையானது வரையிலான, வீக்கமுள்ள பருவுக்கு அது நல்ல மருந்து. டாக்ஸிசைக்ளின் அந்த வரிசையில் முதல் தேர்வாகவே இருக்கிறது. தவறு கால அளவில் நேர்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 வாரத்தில் மருத்துவர் மறுபடி பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் போவதை விதிவிலக்கான சூழ்நிலைகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. மாத்திரையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், பூச்சு மருந்தோடு சேர்த்தே கொடுங்கள் என்றும் அது சொல்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே வழியில்தான் செல்கிறது. தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டிய மருந்து இது.

நீண்ட நாள் சாப்பிடும்போது, மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் அழிந்து அடங்காதவை மிஞ்சிப் பெருகுகின்றன. பரு பாக்டீரியாவில் இப்படிப்பட்ட எதிர்ப்புத் தன்மை 1970-களின் பிற்பகுதியிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. மாத்திரை முகத்துக்கு மட்டும் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குடலிலும் மூக்கிலும் தொண்டையிலும் வாழும் எல்லாப் பாக்டீரியாக்களும் ஒவ்வொரு நாளும் அந்த மருந்தைச் சந்திக்கின்றன; அவற்றில் எதிர்ப்புப் பெற்றவை உங்களிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவக்கூடும். நம் ஊர்களில் மழைக்காலத்தில் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் உயிர் காக்கும் மருந்து இதே டாக்ஸிசைக்ளின்தான். அந்தக் காய்ச்சல் கிருமிகள் உங்கள் முகத்தில் வாழ்பவை அல்ல. உங்கள் மாத்திரையால் அவை எதிர்ப்புப் பெறும் என்று பயமுறுத்துவது நேர்மையாகாது. ஆனாலும் இவ்வளவு பயனுள்ள ஒரு மருந்தை வாராந்திர மளிகைச் சாமான் போல வாங்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அஸித்ரோமைசின் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். உலக சுகாதார அமைப்பு ஆன்டிபயாடிக்குகளை வகைப்படுத்தியிருக்கும் பட்டியலில் டாக்ஸிசைக்ளின் பரவலாகப் பயன்படுத்தத் தக்க பிரிவில் இருக்கிறது. அஸித்ரோமைசின் கவனித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவில் இருக்கிறது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத டைஃபாய்டு நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் அஸித்ரோமைசின் ஒன்று. டாக்ஸிசைக்ளின் சாப்பிடக் கூடாதவர்களுக்கு, மருத்துவர் யோசித்து எழுதும்போது பருவுக்கும் அதைக் கொடுப்பதுண்டு. ஆனால் இருப்பு இல்லை என்பதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிக் கொடுக்கக் கடைக்காரருக்கு அதிகாரம் இல்லை. இரண்டுமே ஷெட்யூல் ஹெச் மருந்துகள். செல்லுபடியாகும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஒரு மாதத்துக்கு எழுதிய சீட்டு எட்டு மாதத்துக்குச் செல்லாது. அடுத்த முறை கடைக்காரர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாலும் நீங்கள் வாங்காதீர்கள்.

“இதைவிட வீரியமானது” என்று நீங்கள் கேட்டது எந்த மருந்தாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். மினோசைக்ளின் என்ற மாத்திரையை யாராவது பரிந்துரைக்கலாம். அது டாக்ஸிசைக்ளினைவிடத் திட்டவட்டமாகச் சிறந்தது என்று சொல்ல முடியாது. தலைசுற்றல், தோலில் நீலக் கருமை, அரிதாகக் கல்லீரல் பாதிப்பு என்று அதற்குத் தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

நெற்றிப் பொரியும் கடைசி வரியில் எழுதியதும்

கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்த இடம் இது. இரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அவை ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகத் தோன்றுகின்றன. நெற்றியில் ஒரே அளவில், ஒரே மாதிரியான சிறு பொரிகள், அரிப்புடன், ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோன்றிப் பெருகினால் அது பருவாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணப் பருவில் கரும்புள்ளி, சிவந்த பரு, சீழ்ப் பரு என்று பல வகையும் கலந்திருக்கும். அரிப்பு பெரிதாக இருக்காது. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை முடிக்கால்களில் பெருகுவதால் வரும் அழற்சியே நீங்கள் விவரிப்பது போல இருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. பாக்டீரியா விட்ட இடத்தில் பூஞ்சைக்கு வசதியாகிவிடுகிறது. பொடுகும், நெற்றி வரை வழியத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஆன்டிபயாடிக்கைக் கூட்டினால் நோய் கூடும். பூஞ்சை எதிர்ப்பு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். எனினும் நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டால் பொரியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம்.

பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அதுவும் பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட்டினால் வருவதே. ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்களுக்கு அடிக்கடி நேர்வது. இது பாலியல் நோயோ சுத்தக் குறைவோ அல்ல. வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை. மருத்துவரிடம் இதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், சிகிச்சை எளிது. துர்நாற்றமோ அடிவயிற்று வலியோ இருந்தால் மட்டும் மகளிர் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

விழுங்கும் முறை

நெஞ்சு வலிக்கு நீங்கள் பயந்திருக்கிறீர்கள். படுக்கப் போகும் நேரத்தில் இரண்டு வாய்ப் பாலோடு விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே கரைந்து, உள்தோலைப் புண்ணாக்கியிருக்கக்கூடும். டாக்ஸிசைக்ளின் இதற்குப் பேர்போனது. இரும்பு மாத்திரையும் இதைச் செய்யும். எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்பதால் மருத்துவரைப் பார்க்கும் வரை டாக்ஸிசைக்ளினை இன்றே நிறுத்திவிடுங்கள். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. சாப்பாடே இறங்காத அளவுக்கு வலித்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து கேட்காமல் போனதற்கும் இந்த வழக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் மாத்திரையில் உள்ள இரும்பும் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. பாலின் பாதிப்பு ஓரளவுதான். இரும்பின் பாதிப்பு மிகுதி. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவமும் அப்படியே. உங்கள் வயிற்றில் இரண்டு மருந்துகளும் ஒன்றையொன்று வீணாக்கிக்கொண்டிருந்தன. எப்போதாவது மறுபடியும் டாக்ஸிசைக்ளின் சாப்பிட நேர்ந்தால், பகல் உணவுக்குப் பின் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இரும்பு மாத்திரையைப் பல மணி நேரம் தள்ளி இரவில் வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கர வண்டியில் வெயிலில் போய்வருவதாக எழுதியிருப்பதால் இன்னொன்று: இந்த மருந்து வெயிலுக்குத் தோலை எளிதில் கருக வைக்கும்; சன்ஸ்கிரீனும் முகத்தை மறைக்கும் துணியும் அவசியம். மாத்திரை சாப்பிடும் காலத்தில் விடாத தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடுவது இதன் அரிதான, ஆனால் கண்பார்வையைப் பாதிக்கக்கூடிய பக்கவிளைவு.

இந்த நான்கு மாதத்தில் என்ன செய்யலாம்

நான்கு மாதம் போதுமான அவகாசம்தான், இந்த வாரமே தொடங்கினால். இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பகலில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் என்பது பெரும்பாலும் நாங்கள் தொடங்கும் முறை. முன்பு உங்களுக்கு எழுதித் தரப்பட்டதும் அடாபலீன் வகை ஜெல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பட்டாணி அளவு எடுத்து, முகம் நன்றாக உலர்ந்த பின், பரு உள்ள இடத்தில் மட்டும் புள்ளி வைக்காமல் முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். அதற்கு முன்போ பின்போ எண்ணெய்ப் பசையற்ற ஈரப்பதக் கிரீம் ஒன்றைப் பூசினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். இரண்டு, மூன்று வாரங்களில் பரு கொஞ்சம் கூடுவது போலத் தோன்றும். அப்போதுதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தெளிவான மாற்றம் தெரிய எட்டு முதல் 12 வாரம் ஆகும். பென்சாயில் பெராக்சைடுக்குப் பாக்டீரியாவால் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள முடியாது என்பது அதன் பெரிய பலம். துணியை வெளுக்கச் செய்வது அதன் குறை. தலையணை உறைக்கு வெள்ளைத் துணி போதும், பட்டுப்புடவை நாளில் அதைப் பூச வேண்டாம்.

மாதவிலக்கு தள்ளிப்போவதும், பரு தாடை ஓரத்தில் குவிந்திருப்பதும் சேர்ந்திருப்பதால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தில் முடி அதிகமாகியிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்து அது உறுதியானால், ஹார்மோன் வழிச் சிகிச்சைக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் ஈடாகாது. திருமணத்துக்குப் பின் கர்ப்பத் தடை மாத்திரை உங்களுக்குத் தேவைப்படும் பட்சத்தில், பருவையும் குறைக்கும் வகை அதில் இருக்கிறது. இதை மகளிர் மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம்.

தழும்பு விழும் அளவுக்குக் கட்டிப் பருக்கள் இருந்தால் மருத்துவர் ஐசோட்ரெடினாயின் என்ற வாய்வழி மருந்தைப் பற்றிப் பேசக்கூடும். மிகவும் பலனுள்ள மருந்து. ஆனால் கருவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் கூடவே கூடாது. அதன் முழுச் சிகிச்சை பல மாதம் நீள்வதால் உங்கள் திருமணத் தேதியோடு அது எளிதில் ஒத்துவராது. டாக்ஸிசைக்ளினோடு அதைச் சேர்த்துச் சாப்பிடவும் கூடாது. அடாபலீனையும் குழந்தைக்கு முயலும் கட்டத்தில் நிறுத்திவிடச் சொல்வோம். அப்போது அசெலாயிக் அமிலம் என்ற பூச்சு மருந்தும் பென்சாயில் பெராக்சைடும் கைகொடுக்கும்.

கல்யாணத்துக்காகப் பார்லரில் செய்யச் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். அடாபலீன் பூசும் முகத்தில் வேக்ஸிங் செய்தால் மேல்தோலே உரிந்து வரும். வெளுப்பதற்கென்று தோழி சொன்ன கிரீமைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைக் கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் முன்பைவிட மோசமான பரு கிளம்பும். வாங்க வேண்டாம்.

வருங்காலக் கணவர் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஆனால் மாப்பிள்ளையிடம், குழந்தைப்பேற்றை எப்போது வைத்துக்கொள்வது என்ற பேச்சில், நான் பூசும் மருந்து இது, இன்ன மாதத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுவது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது என்பேன்.

மருத்துவரிடம் போகும்போது எந்தெந்த மாதம் எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய சீட்டையும் காலி அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். டாக்ஸிசைக்ளினை நிறுத்தும் வேகத்தில் இரும்பு மாத்திரையையும் கைவிட்டுவிடக் கூடாது. விழுங்கும் வலி தீரும் வரை அதைத் திரவ மருந்தாக மாற்றித் தரும்படி கேளுங்கள். பாலையும் தேநீரையும் ஒதுக்கி, எலுமிச்சை அல்லது நெல்லிச்சாற்றோடு அதைச் சாப்பிட்டு, ஹீமோகுளோபினை ஒரு மாதத்தில் மறுபடி பாருங்கள். 9 என்ற அந்த எண் உங்கள் முகத்தில் உள்ள எந்தப் பருவையும்விட எனக்குக் கவலை தருகிறது.